கேடயத்தில் ஒரு சங்கிலி

மோர்டனில் முப்பது வருடம் பல் பிடுங்கிய எனக்கு, கேடயத்தில் வரையும் குலச் சின்னம் ஒன்று வேண்டும் என்று ஆசை வந்தது. இங்கிலாந்தில் அது பிரபுக்களுக்கு மட்டுமில்லையாம். தகுதி இருந்தால் யாரும் விண்ணப்பிக்கலாமாம். மனைவி விழுந்து விழுந்து சிரித்தாள். "உங்களுக்கு என்னத்துக்குக் கேடயம்? சண்டைக்கே போறியள்?"

மகள் சிரிக்கவில்லை. நீலக் கேடயத்தில் வெள்ளைப் பனைமரம் ஒன்றை வரைந்து தந்தாள். அவள் என் அண்ணையின் பிள்ளை. ஊரில் நடந்த போரில் தாய் செத்து, அண்ணையும் காணாமற் போனபின், மூன்று வயதில் முறைப்படி தத்தெடுத்துக் கூட்டி வந்தோம். அன்று தொடக்கம் நான்தான் அப்பா.

சின்னம் வழங்கும் பழைய அலுவலகத்துக்கு அவளும் வந்தாள். பிள்ளைகள் எத்தனை பேர் என்று அதிகாரி கேட்டார். ஒரு மகன், ஒரு மகள் என்றேன். கதையோடு கதையாக அண்ணையைப் பற்றியும் சொல்லித் தொலைத்தேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். சின்னம் இரத்த வழியில்தான் இறங்குமாம். தத்துப்பிள்ளைக்கு அரச அனுமதி தனியாக வேண்டுமாம். அதோடு அவளுடைய கேடயத்தில், தத்து என்பதற்கு அடையாளமாக, இரண்டு சங்கிலி வளையங்களையும் வரைய வேண்டுமாம்.

எனக்குத் தலை விறைத்துப் போயிற்று. எங்கள் சனத்தில் அண்ணன் பிள்ளைக்கு யாராவது முத்திரை குத்துவார்களா? கோபத்தில் எழுந்தே விட்டேன். அதிகாரி பாவம், நல்ல மனிதர். இன்னொரு வழி சொன்னார். என் தகப்பனின் வாரிசுகள் எல்லோருக்கும் சேர்த்துச் சின்னம் கேட்கலாம். அப்போது அண்ணையின் மகளாக, சங்கிலி இல்லாமலே அவளுக்கு உரிமை வரும்.

தேவையில்லை, சங்கிலியே இருக்கட்டும் என்று அவசரமாகச் சொன்னேன். அவளை விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை.

மகள் என் கையைப் பிடித்தாள். "இல்லை அப்பா. அவரின்ர மகள் எண்டே எழுதுங்கோ."

அதிர்ந்து போனேன். இத்தனை வருடத்தில் அவள் அண்ணையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை.

"ஏனம்மா?"

"அவருக்கு மரணச் சான்றிதழும் இல்லை, திவசம் செய்யத் திகதியும் இல்லை. ஒரு பேப்பரிலயாவது அவரின்ர பேர் இருக்கட்டும்."

கூடப் பிறந்த எனக்கு இது ஒருநாளும் தோன்றவில்லை. வெட்கமாக இருந்தது. அதைவிடப் பயமாக இருந்தது.

அண்ணையின் பெயரை எழுதி, அதன் கீழே அவள் பெயரை எழுதினேன். என் பிள்ளைகள் என்ற இடத்தில் மகன் பெயர் மட்டும் இருந்தது.