எண்ணெய்க் கறைக்கு நடுவில் ஒரு கேலக்ஸி

அந்தச் சுருள் கேலக்ஸியை முதலில் பார்த்தவள் நான்தானா? இன்றுவரை எனக்கு விடை தெரியவில்லை.

பிரசவத்துக்கு வண்ணார்பேட்டையில் அம்மா வீட்டில் இருந்தேன். பிள்ளை பெற்றவள் நாற்பது நாள் படிக்கக்கூடாது, போன் பார்க்கக்கூடாது, கண் போய்விடும் என்பது எங்கள் வீட்டுச் சட்டம். இயற்பியல் படித்திருந்தும் பயந்தேன். பயந்துகொண்டேதான் பார்த்தேன். தொலைநோக்கி எடுத்த கேலக்ஸிப் படங்களை இணையத்தில் போட்டு, இது உருண்டையா, சுருளா என்று எங்களைப் போன்ற ஆர்வலர்களிடம் ஆராய்ச்சியாளர்கள் கேட்பார்கள். மகள் பால் குடிக்கும் நேரமெல்லாம் எனக்கு அதுதான் வேலை.

ஒரு காலை அவள் தலையில் எண்ணெய் தேய்த்த கையோடு போனை எடுத்தேன். படத்தின் நடுவில் மங்கலாக ஒரு தீற்றல். எண்ணெய்தான் என்று நைட்டி ஓரத்தால் துடைத்தேன். சுற்றியிருந்த கறை போயிற்று. அது மட்டும் போகவில்லை. பெரிதாக்கினேன். ஒன்றையொன்று துரத்துவதுபோல் வளைந்த இரண்டு கைகள். ‘சுருள்’ என்று அழுத்தினேன். இதற்கு முன் எத்தனை எண்ணெய்க் கறைகளைச் சுருள் என்று சொல்லித் தொலைத்தேனோ!

அம்மா பார்த்துவிட்டாள். “ஏட்டி, பச்ச ஒடம்புக்காரி! கண்ணு போச்சுன்னா ஒன் மாமியா என்னயல்லா கேப்பா?”

“கேலக்ஸிம்மா.”

“அது எங்கயும் ஓடிராது. நாப்பது நாள் கழிச்சு பையப் பாரு.”

“ஓடிக்கிட்டுதாம்மா இருக்கு,” என்றேன். உண்மையும் அதுதான்; கேலக்ஸிகள் நம்மைவிட்டு விலகிக்கொண்டேதான் இருக்கின்றன.

மகளுக்கு ஒன்றரை வயதானபோது அந்த ஆராய்ச்சியாளர்களிடமிருந்து கடிதம் வந்தது. பூமி உருவாகும் முன்பே அங்கிருந்து கிளம்பிய ஒளியாம். அவ்வளவு பழைய காலத்தில் இப்படியொரு ஒழுங்கான சுருளை அவர்கள் எதிர்பார்க்கவில்லை. அதைச் சுருள் என்று பலர் குறித்திருந்தோம். எங்கள் பெயர்களையும், படம் பார்த்த தேதிகளையும் கட்டுரையில் போடலாமா என்று கேட்டிருந்தார்கள்.

தேதியில்தான் சிக்கல். அது அந்த நாற்பது நாளுக்குள் வருகிறது. போன மாதம் நான் கண்ணாடி போட்டேன். அத்தை, அதாவது என் மாமியார், என்னை ஏற இறங்கப் பார்த்து, “பேறுகாலத்துல போன நோண்டுனியோ?” என்றார். நான் வாய் திறக்குமுன் பக்கத்தில் இருந்த அம்மா முந்திக்கொண்டாள். “எம்மவ தொடவே இல்ல மயினி, சத்தியமா!”

இப்போது பெயரே வேண்டாம் என்கிறாள் அம்மா. “ஒரு பேருக்காக ரெண்டு வீட்டுலயும் சண்டையா?” என்கிறார் கணவர்.

ஆமாம், ஒரு பெயருக்காகத்தான். கிட்டப்பார்வை முன்பே இருந்திருக்கும் என்றார் மருத்துவர். அவர் சொல்வது தவறாகவே இருக்கட்டும். மூடிவைத்துக் காப்பாற்றிய கண்ணைவிடப் பார்த்துக் கெட்ட கண்ணே எனக்குப் போதும். நேற்று முழுப் பெயரையும் எழுதி அனுப்பிவிட்டேன். அனுப்பிய பிறகு எழுத்துப்பிழை இருக்கிறதா என்று நான்கு முறை பார்த்தேன்.

கட்டுரை வெளிவருமுன் அத்தையிடம் நானே சொல்ல வேண்டும். அம்மாவுக்கும் தலைகுனிவு வரக்கூடாது. எப்படித் தொடங்குவது? மருமகள்களும் மாமியார்களும் யோசனை சொல்லுங்கள். பெயரைத் திரும்ப வாங்கிவிடு என்று மட்டும் எழுதாதீர்கள்.