பின்னால் போன இஞ்சின்

கடற்கரைக் கிடங்கில் இருந்த ரயில் இஞ்சினுக்குப் புகை கிடையாது, விசில் கிடையாது. பேட்டரியில் ஓடும். ஒரு மாட்டு வண்டி அளவுதான் இருக்கும். கப்பல் தூரத்தில் நிற்கும். படகில் கரைக்கு வரும் மூட்டைகளைக் கிடங்குக்கு இழுப்பது அதன் வேலை. ஓட்டினவர் என் அக்கா புருஷன். பெட்டிகளை மாட்டிவிடுவது நான்.

சரக்கு இறக்கக் கடலுக்குள் நீண்டிருந்த பழைய பாலம் புயலில் போய்விட்டது. ஐம்பத்து நாலில் பிரெஞ்சுக்காரன் கிளம்பினான். அப்புறம் கப்பலும் குறைந்தது. மூட்டை வராத நாளிலும் மாமா காலையில் இஞ்சினை ஒரு தடவை ஓட்டிவிட்டு வருவார். சும்மா நின்றால் பேட்டரி செத்துப்போகும் என்பார். வீராம்பட்டினத்துப் படகுக்காரர்களுக்கு அது சிரிப்பு.

"இன்னாப்பா, வெறும் ரெயிலு எது வரிக்கும் போவுது?"

"உன் மாமியார் வூட்டு வரிக்கும். சீர் எடுத்துக்கினு வந்து ஏறு" என்பார் மாமா.

புதுப் பாலம் கட்ட ஆரம்பித்தார்கள். ஓர் அதிகாரி வந்தார். இங்கே இருக்கும் தண்டவாளத்தைக் கழற்றி வையுங்கள், பாலத்தில் இதைத்தான் போடுவோம், இஞ்சினும் அங்கேதான் என்றார். நடந்துகொண்டே சொன்னார். மாமாவுக்கு அது போதும். மில்லில் வேலைக்குக் கூப்பிட்டார்கள், போகவில்லை.

"அவரு சொன்னா ஆச்சா? மில்லுக்குப் போயேன்" என்றாள் அக்கா.

"போடி. பாலத்துல இஞ்சின வேற எவன் ஓட்டுவான்?"

கடல் பக்கத்தில் இருந்து கழற்றினோம். கழற்றியதைச் சுமக்கவும் அந்த இஞ்சின்தான். அதற்கு முன்னால் இருக்கும் தண்டவாளத்தைக் கழற்றுவோம், பெட்டியில் ஏற்றுவோம், கிடங்கைப் பார்த்துப் பின்னால் போவோம். மறுபடி கழற்றுவோம். தினமும் பாதை குறைந்தது. ஆட்கள் இரும்பைத் தூக்கிப் போட்டால் மாமாவுக்குக் கோபம் வரும். "மெதுவா வைடா. வளைஞ்சா பாலத்துல இஞ்சின் குதிக்கும்." போல்ட்டுகளை மண்ணெண்ணெயில் கழுவி, எண்ணெய் தடவி, சாக்கில் கட்டினார். கடைசியில் கிடங்குக்குள் இஞ்சின் நீளத்துக்குத்தான் தண்டவாளம் மிச்சம்.

"அடியில இருக்கறத வுட்டுடு மச்சான். அதும்மேல நிக்கட்டும்" என்றார் மாமா.

லாரி வந்து தண்டவாளத்தை ஏற்றியது. பாலத்துக்கு என்று நினைத்து மாமாவும் தோள் கொடுத்தார். பிறகு ஒரு நாள் இஞ்சினையும் கொண்டுபோனார்கள். வீட்டில் காத்திரு, கூப்பிடுவோம் என்றார்கள். காத்திருந்தார்.

அறுபத்திரண்டில் பாலம் முடிந்தது. யாரும் கூப்பிடவில்லை. மாமா துவைத்த காக்கிச் சட்டை போட்டுக்கொண்டு போனார், நானும் போனேன். எங்கள் தண்டவாளம் அங்கே இல்லை. முன்பு வந்த அதிகாரியும் இல்லை. இருந்தவரிடம் இஞ்சினைப் பற்றிக் கேட்டார்.

"எந்த இஞ்சின்?"

மாமா சொன்னார். அதிகாரி யோசித்துப் பார்த்தார். "அதெல்லாம் பழைய இரும்புன்னு அப்பவே ஏலத்துல போயிடுச்சே. இனிமே லாரிதான்."

மாமா அதற்குப் பிறகு எந்த வேலைக்கும் போகவில்லை. மில்லிலும் ஆள் எடுப்பதை நிறுத்தியிருந்தார்கள். அக்கா வெள்ளைக்காரத் தெரு வீடுகளில் பாத்திரம் தேய்த்தாள். இப்போது தண்டவாளம் இருந்த இடத்தில் ஜனம் காற்று வாங்குகிறது. இங்கே ரயில் ஓடியது என்றால் பிள்ளைகள் நம்புவதில்லை. நானும் சொல்வதில்லை.

கடைசி வரைக்கும் மாமா யாரையும் திட்டவில்லை. ஒரு தடவை சாப்பிடும்போது மட்டும் கையை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"மச்சான், நாமளேதான கழட்டினோம்?"

ஆமாம் என்றேன்.