கிழித்துப் போட்ட கார்டு

போன மாதம் பிளவுஸ் தைக்க அளவெடுக்க செல்வி வந்தாள். தாராவியில் தையல் மெஷின் போட்டிருப்பவள். என் பழைய பிளவுஸைப் போட்டுக் காட்டச் சொன்னாள். இடது பக்கத் தையல் மட்டும் விட்டிருந்தது.

“யக்கா, இந்தப் பக்கம் மட்டும் பெருத்திருக்கே?”

“வெயிட் போட்டிருப்பேன்.”

“வெயிட்டு போட்டா ஒத்தப் பக்கமா போடும்?”

அவசரமாகப் புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டேன். ஏன் என்று சொல்கிறேன்.

பழைய வாசகர்களுக்கு நினைவிருக்கலாம்... எட்டு வருடங்களுக்கு முன் இரண்டு மாதம் இந்தப் பத்தி வரவில்லை. முதுகுவலி என்று எழுதினேன். பொய். எனக்கு மார்பகப் புற்றுநோய். இடது மார்பை எடுத்துவிட்டு, அங்கே சிலிக்கோன் இம்ப்ளான்ட் வைத்தார்கள்.

எதற்காக மறைத்தேன்? மகளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தோம். அம்மாவுக்கு வந்தது பெண்ணுக்கும் வரும் என்று யாராவது பேசிவிட்டால்? செம்பூரிலிருந்து பெண் பார்க்க வந்த அன்று காலை, பீரோவிலிருந்த ஆஸ்பத்திரி ஃபைலைக் கிழித்தேன். அதில் ஒரு சின்ன கார்டு. இம்ப்ளான்டின் கம்பெனி, நம்பர், வகை எல்லாம் அச்சிட்டது. ‘ஆயுசுக்கும் பத்திரமா வச்சுக்குங்க’ என்று சொல்லி நர்ஸ் கொடுத்தது. அதையும் கிழித்துக் குப்பையில் போட்டுவிட்டு, சொஜ்ஜிக்கு ரவை வறுக்கப் போனேன்.

இப்போது ஸ்கேன் எடுத்தார்கள். இம்ப்ளான்டைச் சுற்றி நீர் கோத்திருந்தது.

“வச்சது வழவழப்பா, சொரசொரப்பா? கார்டு இருக்குமே?” என்றார் டாக்டரம்மா.

“இல்ல டாக்டர்... கிழிச்சுட்டேன்.”

அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். சொரசொரப்பான மேற்புறம் உள்ள இம்ப்ளான்டைச் சுற்றி, பல வருடம் கழித்து, மிக அபூர்வமாக லிம்ஃபோமா என்ற நிணநீர்ப் புற்றுநோய் வருமாம். பழைய புற்றுநோய் திரும்பியது அல்ல, இது வேறு. சாதாரண நீர்க்கட்டு என்று உறிஞ்சிக் கொட்டிவிடாமல், அந்த நீரை இதற்கென்றே உள்ள டெஸ்ட்டுக்கு அனுப்ப வேண்டுமாம். அனுப்பினார்.

பழைய ஆஸ்பத்திரியில் விசாரித்தோம். கம்ப்யூட்டர் மாற்றியபோது பழைய ரெக்கார்டுகள் போய்விட்டனவாம். ரிப்போர்ட் வரும்வரை பத்து நாள். சமைத்தேன், ரயிலேறினேன், ஆபீஸ் போனேன். லேடீஸ் கம்பார்ட்மென்டில் யார் முழங்கை பட்டாலும் கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டேன். எனக்குள்ளே என்ன வைத்திருக்கிறேன் என்று எனக்கே தெரியாது... இதைவிட என்ன பயம் வேண்டும்?

ரிப்போர்ட் வந்தது. அதேதான்.

“வேற எங்கயும் பரவல. இம்ப்ளான்டையும் அதைச் சுத்தி வளர்ந்த உறையையும் முழுசா எடுத்துட்டா, பெரும்பாலும் அதோட முடிஞ்சுடும்” என்றார் டாக்டரம்மா.

பெரும்பாலும்! இந்த வார்த்தையைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு எப்படித் தூங்குவது?

ஞாயிற்றுக்கிழமை சம்பந்தியம்மா என் மகளோடு செம்பூரிலிருந்து வந்தார். இனியும் மறைக்க முடியாது என்று, தலையைக் குனிந்தபடி எட்டு வருடக் கதையைச் சொன்னேன்.

“எங்களுக்கு அப்பவே தெரியும் சம்பந்தி” என்றார். “நாங்க பொண்ணு பாக்க வர்றதுக்கு முன்னாடியே உங்க பொண்ணு எங்க பையன்கிட்ட போன்ல சொல்லிட்டா. அவன் எங்ககிட்ட சொன்னான். நீங்களா சொல்லட்டும்னு இருந்தோம்.”

மகளைப் பார்த்தேன்.

“சொல்லிட்டேன்னு தெரிஞ்சா நீ கல்யாணத்தையே நிறுத்தியிருப்பேம்மா” என்றாள்.

அப்படியானால் அந்தக் கார்டை யாருக்குப் பயந்து கிழித்தேன்? ஊருக்கா? ஊர் அன்றைக்கு என் வீட்டு சோபாவில் உட்கார்ந்து, எல்லாம் தெரிந்தே, சொஜ்ஜி நன்றாக இருக்கிறது என்று இரண்டாம் முறை வாங்கிச் சாப்பிட்டிருக்கிறது.

வியாழக்கிழமை ஆபரேஷன். அடுத்த சில வாரம் இந்தப் பத்தி வராது — முதுகுவலி இல்லை, எனக்கு லிம்ஃபோமா, ரொம்பப் பயமாக இருக்கிறது.