பட்டு நனையாமல் அணைத்த தீ

தீயணைப்பு நிலையத்தில் நனைந்த ஹோஸ்களைக் காயப்போட்டுக்கொண்டிருந்தேன். தொலைபேசி எடுத்த இசக்கி வெளியே வந்தான். "சுடலைமுத்து அண்ணன் போயிட்டாராம்வே" என்றான். எங்கள் பழைய நிலைய அதிகாரி அவர்.

தீயணைப்புப் படையில் அவரோடு வேலை பார்த்த உங்களுக்கு அவர் கண் எப்படிப்பட்டது என்று தெரியும். ஒருமுறை முக்கூடலில் பீடி இலைக் கட்டுகள் அடுக்கிய கிட்டங்கியின் ஓட்டிடுக்கில் கொஞ்சம் புகை. சின்ன ரப்பர் குழாயே போதும் என்று எடுத்தேன். "தீ எம்புட்டுன்னு பாக்காதலே. உள்ள எரியதுக்கு என்ன கெடக்குன்னு பாரு" என்று திட்டிவிட்டுப் பெரிய ஹோஸை இழுக்கச் சொன்னார். அதன் முனையில் தண்ணீரைக் குடைபோல் விரிக்கும் நாசிலை அவரே மாட்டினார். கதவைத் திறந்ததும் தீ முகத்துக்கு வந்தது. அந்தத் தண்ணீர்க் குடை இல்லையென்றால் இதை எழுத நான் இல்லை.

அதே மனிதர்தான் டவுணில் ரத வீதி ஜவுளிக்கடை முன்னாலும் நின்றார். மாடி முழுக்கத் துணிக்கட்டுகள் எரிந்தன. முதலாளி அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அண்ணாச்சி, பைய அடிக்கச் சொல்லுங்க. தீயில போனது போவட்டும். கீழ உள்ள பட்டெல்லாம் தண்ணியில போயிருமே."

நான் பெரிய ஹோஸைத் தூக்கியிருந்தேன்.

"அத வைலே. சின்னதக் கொண்டு போங்க."

"அண்ணே, உள்ள என்ன கெடக்குன்னு பாத்தீயளா?"

"சொன்னதச் செய்யிலே."

மாடிப்படியில் அந்த ஒல்லித் தண்ணீர் தீயைத் தொடும் முன்பே ஆவியானது. எனக்கு முன்னால் நின்ற இசக்கிக்கு இரண்டு கையும் வெந்தன. விரல்கள் இன்றுவரை மடங்குவதில்லை. பட்டு நனையவில்லை.

விசாரணையில், சின்னக் குழாயைத் தேர்ந்தெடுத்தது நான்தான் என்று அண்ணன் எழுதிக் கொடுத்தார். என்னை மூன்று மாதம் வேலையிலிருந்து நிறுத்திவைத்தார்கள். வீட்டுக்குப் போய்க் கேட்டேன்.

"நான் ரிட்டயராவ ரெண்டு வருசந்தாம்லே இருக்கு. ஒனக்கு வயசிருக்கு, தாங்கிருவே."

முதலாளி கூப்பிட்டால் நாலு அதிகாரிகள் வருவார்கள். களை பறிக்கப் போகும் இசக்கியின் அம்மா கூப்பிட்டால் யார் வருவார்? அது தெரிந்தேதான் அன்று சின்னதை எடுக்கச் சொன்னார், பழியையும் என் மேல் எழுதினார்.

சாவு வீட்டில் அண்ணன் உடல்மேல் போர்த்த, அந்த ஜவுளிக்கடை முதலாளி பட்டு வேட்டி கொண்டுவந்தார். மடங்காத விரல்களால் இசக்கி போட்ட வாய்க்கரிசியில் பாதி தரையில் சிந்தியது.

போன வாரம் பாளையங்கோட்டையில் ஒரு நோட்டுப் புத்தகக் கடையில் தீ. கடைக்காரர் ஓடிவந்து மறித்தார். விலக்கிவிட்டுப் பெரிய ஹோஸோடு உள்ளே போனேன். யாருக்கும் காயமில்லை, நோட்டெல்லாம் கூழ். புகார் மேலே போயிருக்கிறது, விளக்கம் கேட்டிருக்கிறார்கள்.

உள்ளே என்ன கிடக்கிறது என்று பார்க்கும் கண் அண்ணன் தந்தது. அதை மட்டும் வைத்துக்கொள்கிறேன். விளக்கத்தின் முதல் வரியை எழுதிவிட்டேன்: ஹோஸைத் தேர்ந்தெடுத்தவன் நான்.