மைக் இல்லாத லிஸ்ட்

திருமங்கலத்தில் தனியாக அறை எடுத்துத் தங்கியிருக்கிறேன். கேம் விளையாடி அதை நேரலையில் காட்ட ஒரு கம்ப்யூட்டர் வேண்டுமென்று ஆறு மாதம் லிஸ்ட் போட்டேன். மதுரைக் கடைக்காரர் அதைப் படித்துவிட்டு, “கிராபிக்ஸ் கார்டுல ஒரு படி கொறச்சுக்கிட்டு நல்ல மைக் ஒண்ணு வாங்குங்கண்ணே” என்றார்.

“லிஸ்ட்ல உள்ளத மட்டும் குடுங்க” என்று வெடுக்கென்று சொன்னேன். லிஸ்டில் இருந்த கேமராவிலேயே மைக் இருக்கும் என்று நினைப்பு. அவர் கோபப்படாமல் என் சேனல் பெயரைக் கேட்டுக் குறித்துக்கொண்டார்.

முதல் நேரலையில் பார்வையாளர் ஒரே ஒருவர். யாரென்று தெரியாத அவருக்காக ஒரு மணி நேரம் பேசினேன். கேமை மறந்து, அம்மா இறந்த பிறகு எனக்குப் பேச ஆளில்லை என்பது வரை சொல்லிவிட்டேன். முடித்த பிறகுதான் கமெண்டுகளைப் பார்த்தேன்.

“அண்ணே, கம்ப்யூட்டர் கடைக்காரன். சத்தமே வரல.” அதற்குக் கீழே, “பரவால்ல, பேசுங்க. இருக்கேன்.”

மறுநாள் மைக் வாங்கப் போனேன். பெட்டியை நீட்டியவர், “நேத்து அம்புட்டு நேரம் என்னண்ணே பேசுனீங்க?” என்று கேட்டார்.

“கேமைப் பத்தித்தான்” என்றேன்.

முகம் தெரியாதவரிடம் கொட்டியதை, எதிரே நின்று கேட்டவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.