ஜெட் அச்சிமுகம்மதின் தைரியம்

கல்முனைக்குடியில் அச்சிமுகம்மது என்ற பெயரில் பலர் இருந்தார்கள். ‘ஜெட்’ என்ற பட்டத்தோடு ஒருவர்தான் இருந்தார். அரபு நாடொன்றின் விமானப்படைத் தளத்தில் கல் பொறுக்கிவிட்டு எண்பத்து நான்கில் ஊர் திரும்பியவர். சண்டை விமானங்கள் கிளம்புமுன் ஓடுபாதையில் ஆட்கள் வரிசையாகக் குனிந்து நடப்பார்கள். சின்னக் கல் ஒன்று எஞ்சினுக்குள் போனாலும் விமானம் பாழ். காதை மூடக் கொடுத்ததை வெக்கை தாங்காமல் கழற்றிக் கழுத்தில் போட்டுக்கொண்டே அவர் நடந்தார். வருசங்கள் போக, இரண்டு காதும் போயின.

இது மனைவி றபீக்காவுக்கு மட்டும் தெரியும். நிந்தவூர் ஏஜென்ட் மீராமுகைதீன் மறுபடியும் அரபு நாட்டு வேலைக்கு அனுப்புவதாகச் சொல்லியிருந்தார். மகளுக்குக் கட்டத் தொடங்கிய வீடு கூரையில்லாமல் நின்றது. காது விசயம் ஏஜென்டுக்குப் போய்விட்டால் எல்லாம் முடிந்தது. ஆகவே அச்சிமுகம்மது பிறருக்கு இடம் விடாமல் தானே கதைத்துக்கொண்டிருந்தார். எதிரே நிற்பவரின் வாயசைவைப் பார்த்து மிச்சத்தைச் சமாளித்தார்.

“ஜெட்டுட சத்தம் அதுக்குப் பின்னாலதான் ஓடி வரும். உங்குட காதுல விழுந்தா, ஆள் தாண்டிப் போயிட்டான் எண்டு நினைச்சிக்கங்க” என்பார் தேத்தண்ணிக் கடையில்.

“அப்ப நிழல்?” என்று எதிரே இருந்து கிண்டுவார் வயல்காரர் ஜவுபர்.

“விடியக் காலத்தால பறந்தா நிழல் பின்னேரந்தான் வந்து சேரும் மச்சான். ஓட்டுறவன் பிஸ்மி சொல்லித் தேத்தண்ணிய வாயில வெச்சா, குடிச்சி முடிக்க நாலு நாடு தாண்டிருவான். சீனி காணாட்டி எந்த நாட்டுல கேக்கிற எண்டு அவனுக்கே தெரியா.”

கடை சிரிக்கும். வாய்கள் திறப்பதை அவர் பார்த்துக்கொண்டிருப்பார்.

எண்பத்தாறில் சவளக்கடையில் ஜவுபரின் வயலில் அறுத்த கதிரைச் சூடடித்தார்கள். களவெட்டியில் நெல்லைத் தூற்றிக்கொண்டிருந்த அச்சிமுகம்மதின் முகத்தில் திடீரென்று பதர் வந்து அடித்தது. நிமிர்ந்தார். தலைக்கு மேல் ஆமி ஹெலிகொப்டர் ஒன்று தாழப் போய்க்கொண்டிருந்தது. சுற்றி நின்றவர்கள் எவரும் ஓடவில்லை; எல்லோரும் அவரையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். வாய்க்காலுக்கு அப்பால் மேய்ந்த இரண்டு மாடுகள் கால் மடங்கி விழுந்தன. சுட்ட சத்தம் அவருக்கு இல்லை.

“நாங்க ஓடத்தான் பாத்த. நீங்க அசையல்ல. சத்தம் கேட்டா ஆள் தாண்டிப் போயிட்டான் எண்டு நீங்கதானே சொன்ன! அதான் நிண்டுட்டம்” என்றார் ஜவுபர், அவரைக் கட்டிப்பிடித்து விலகி. “சிங்கம் மச்சான் நீங்க!”

அன்று மாலைக்குள் ஊர் அதையே சொன்னது: ஜெட் ஓடாவிட்டால் ஓட வேண்டியதில்லை. காது கேளாதவனுக்குத் தைரியம் சும்மா கிடைத்துவிடுகிறது. மற்றவர்கள் அதற்கு உயிரைக் கொடுக்க வேண்டியிருக்கும்.

றபீக்கா அவரைத் தன் முகம் பார்க்கத் திருப்பிவைத்துக் கேட்டாள்: “உங்களப் பாத்துக்கிட்டு நிண்டு ஆரும் மவுத்தாகினா என்ன செய்யப் போறீங்க?”

“மகள்ர வீடு?”



மறுநாள் கடையில் அவர் எழுந்து நின்று சொன்னார். “எனக்கு ரெண்டு காதும் கேக்காது. என்னப் பாத்து நிக்காதீங்க. ஹெலி வந்தா ஓடுங்க.”

கடை இதுவரை அப்படிச் சிரித்ததில்லை. ஜவுபர் மேசையில் தட்டிக்கொண்டு, “செவிடனா? இவ்வளவு கதை கதைக்கிறவனா?” என்றார். யாரோ அவருக்கு இன்னொரு தேத்தண்ணி வாங்கி வைத்தார்கள். அவர் குடித்தார். சீனி போட்டிருந்தார்களா என்று தெரியவில்லை.

அங்கிருந்தே நிந்தவூருக்கு பஸ் ஏறினார். மீராமுகைதீனுக்கு முன்னால் உட்கார்ந்து, “என்ட காது போயிட்டு. வேற ஆளப் போடுங்க” என்றார். ஏஜென்ட் ஏதோ நெடுநேரம் சொன்னார். வாயசைவைத் தொடர அச்சிமுகம்மது முயலவில்லை. கோபமோ துக்கமோ வரும் என்று காத்திருந்தார். ஒன்றும் வரவில்லை.

அவர் விசாவை விட்டுவிட்டதை ஏஜென்ட் வந்து சொன்னபோது ஊர் நம்பியது. பகிடிக்காக எவனும் தன் விசாவை வெட்டிக்கொள்ள மாட்டான். கடையில் அவருக்கு இடம் இருந்தது. ஆனால் எவரும் ஜெட் கதை கேட்கவில்லை. கதைத்தவர்களும் கையைக் காட்டிக் கதைத்தார்கள்.

அடுத்த போகத்துக்கும் ஜவுபர் அவரைக் கூப்பிட்டார். நடுப்பகலில், நெல் மூட்டை கட்டிக்கொண்டிருந்தவர்கள் சட்டென்று எல்லாவற்றையும் போட்டுவிட்டு வாய்க்காலை நோக்கி ஓடினார்கள். ஒருவரும் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. அச்சிமுகம்மது வானத்தைப் பார்க்காமல், அவர்களுடைய முதுகுகளைப் பார்த்து, கடைசி ஆளாக ஓடினார்.