விளையாட்டுக்கு வாங்கிய கம்ப்யூட்டர்

'விளையாட்டுக்கு' என்ற சொல்லின் மேல் எனக்கு இன்றைக்கும் கோபம் தீரவில்லை. ஒருவர் ஏதோ சொல்கிறார், கேட்டவருக்கு முகம் சுருங்குகிறது, உடனே "சும்மா விளையாட்டுக்குச் சொன்னேன்" என்று பின்வாங்கிக்கொள்கிறார். அந்த வசதிக்காகவே எல்லாரும் அதை வாயில் வைத்திருக்கிறார்கள். நான் அதை நேர்ப் பொருளிலேயே சொன்னேன். ஒருவரும் நம்பவில்லை.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. ரந்தாவ் பக்கத்துச் செம்பனைத் தோட்டம் ஒன்றில் நான் டிராக்டர் ஓட்டிக்கொண்டிருந்தேன். தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றவன். குலைகளை ஏற்றிக்கொண்டு செம்மண் பாதையில் ஆலைக்குப் போவதும் வெறும் டிரெய்லரோடு திரும்புவதும்தான் வேலை. பாரம் இருக்கும்போது இரண்டாம் கியரைத் தாண்டினால் வேலை வாங்கும் மண்டோர் கத்துவார். ஒருமுறை மழையில் பின் சக்கரம் வழுக்கி டிரெய்லர் பாதையோரச் சாக்கடைக் காணுக்குள் இறங்கிவிட்டது. மண்டோர் திட்டினார், ஆபீஸ் கணக்கெழுதும் கிராணி திட்டினார், கடைசியில் மானேஜர் ஆங்கிலத்தில் திட்டினார். அவர் சொன்னது மட்டும் புரியவில்லை என்பதால் அது கொஞ்சம் பரவாயில்லாமல் இருந்தது.

அந்த வருஷம் மோட்டார் சைக்கிளுக்கு டயர் வாங்கப் பக்கத்து டவுனான சிரம்பானுக்குப் போனபோது மழை பிடித்துக்கொண்டது. ஒரு கம்ப்யூட்டர் கடையின் முன்னால் அஞ்சடி நடைபாதையில் ஒதுங்கினேன். கண்ணாடிக்கு உள்ளே ஒரு திரையில் கார் ஒன்று மலைப்பாதையில் ஏறிக்கொண்டிருந்தது. ஓட்டுகிறவர் யாரும் இல்லை. வளைவுகளில் தானாகவே திரும்பியது. ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் கடல். மழை விட்டதும் கூட நின்றவர்கள் எல்லாரும் போய்விட்டார்கள். நான் போகவில்லை.

உள்ளே போக எனக்கு இன்னொரு ஞாயிற்றுக்கிழமை தேவைப்பட்டது. கடைக்காரர் என் வயதுடைய சீனர். எங்கள் பக்கத்தில் கடை முதலாளியைத் தவுக்கே என்போம். தவுக்கே கிண்ணத்தில் மீ நூடுல்ஸ் சாப்பிட்டுக்கொண்டே விளையாடும் பிடியை என் கையில் தள்ளினார். முதல் வளைவிலேயே காரைக் கடலில் இறக்கிவிட்டேன். யாரும் கத்தவில்லை. கார் தானாகப் பாதைக்கு வந்து நின்றது. தவுக்கே மீயிலிருந்து தலைகூடத் தூக்கவில்லை. இது எனக்கு வேண்டும் என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன். எங்கள் லயத்து வீடுகளுக்குக் கம்பெனியின் ஜெனரேட்டர் இன்ஜின் போய் ஊர் மின்சாரம் வந்திருந்தது. சீட்டுப் பணமும் கைக்கு வர இருந்தது.

வீட்டில் சொன்னது ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டில். என் மனைவியின் தம்பி அம்பாங்கானிலிருந்து வந்திருந்தார். பேங்கில் வேலை, சொந்தக் கார், நல்ல ஆங்கிலம். எனக்காக எங்கே போய்ப் பேச வேண்டியிருந்தாலும் அவர்தான் பேசுவார். பேசச் சொல்லி நான் கேட்டதில்லை. நான் வாயைத் திறக்க நேரமாகும், அதற்குள் அவர் பேசி முடித்திருப்பார். கம்ப்யூட்டர் வாங்கப் போகிறேன் என்றதும் அவர் கை சோற்றில் நின்றது.

"எதுக்கு மாமா?"

"விளையாட்டுக்குத்தான்."

அவர் சிரித்தார். ரசக் கரண்டியோடு நின்ற என் மனைவியும் சிரித்தாள். மாமாவுக்கு இப்போது ஜோக்கெல்லாம் வருகிறது என்றார் அவர். அதோடு விட்டிருந்தால் நானும் விளக்கிச் சொல்லியிருப்பேன். என் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பிள்ளைங்க படிப்புக்குன்னு நேரா சொன்னா என்ன லா? இதுக்குப் போயி கூச்சப்படுறாரு" என்றாள். சிரிப்பால் வந்த கண்ணீர் இல்லை அது. இரண்டு பெண் பிள்ளைகளும் என்னைப் பார்த்த பார்வையில், நான் ஏதோ பெரிய தியாகம் செய்தவன்போல ஆகிவிட்டேன். உள்ளதைச் சொன்னவன் நான். அதை மூடிமறைக்கும் கூச்சக்காரன் என்று பெயரும் வாங்கினேன். ரசத்தை ஊற்றிக்கொண்டு சாப்பிட்டேன்.

அதன் பிறகு நானே தனியாகக் கடைக்குப் போய் வந்தேன். தமிழ்ப் பத்திரிகையின் ஞாயிறு பதிப்பில் கணினிப் பக்கம் ஒன்று வரும். அதைப் படித்துவிட்டு 'நினைவகம்' எவ்வளவு வேண்டும் என்று யோசித்துக்கொண்டு போவேன். தவுக்கே அதை ரேம் என்பார். இரண்டும் ஒன்றுதான் என்று புரியவே எனக்கு ஒரு பயணம் வீணானது. பெட்டி பெரிதாக இருந்தால் வேகமும் பெரிதாக இருக்கும் என்று நம்பி உயரமான பெட்டி ஒன்றைக் காட்டினேன். அதற்குள் காற்றுதான் இருக்கும் என்று மலாயில் சொல்லித் தட்டிக் காட்டினார். கொஞ்சம் கொஞ்சமாக விளங்கியது. பிராசசர் இன்ஜின். அது எவ்வளவு நன்றாக இருந்தாலும் ரேம் குறைந்தால் கார் திணறும். படத்தைத் திரைக்கு அனுப்புவது வீடியோ கார்டு. அது மட்டமாக இருந்தால் பாதை துண்டு துண்டாக வரும். சவுண்ட் கார்டு இல்லாவிட்டால் கார் ஊமை.

என் பணத்துக்குள் எல்லாம் நல்லதாக வராது. எதைக் குறைப்பது என்பதில்தான் நாங்கள் வாரக்கணக்கில் உட்கார்ந்தோம். சின்ன மானிட்டர் போதும் என்றேன். ஹார்டு டிஸ்க்கையும் சிறிதாக்கினோம். பிராசசரில் ஒரு படி இறங்கி, அந்த மிச்சத்தை ரேமிலும் வீடியோ கார்டிலும் போட்டோம். பிரிண்டர் வேண்டவே வேண்டாம். சவுண்ட் கார்டு கட்டாயம் வேண்டும். என் வாழ்க்கையில் நானாக உட்கார்ந்து, ஒவ்வொன்றாக யோசித்து, எனக்கென்று தேர்ந்தெடுத்தது அது ஒன்றுதான். கல்யாணச் சட்டையைக்கூட வேறு யாரோதான் எடுத்தார்கள்.

பணம் கட்டும் நாளில் பெட்டிகளை ஏற்றிவர மச்சான் காரோடு வந்தார். உதவிதான். கடைக்குள் நுழைந்ததுமே அவரும் தவுக்கேயும் ஆங்கிலத்தில் பேசத் தொடங்கிவிட்டார்கள். நான் கதவோரம் நின்றேன். 'ஸ்டடி' என்று கேட்டது. 'ஸ்கூல்' என்று கேட்டது. அந்த இரண்டு சொல்லும் எனக்குத் தெரியும். தவுக்கே ஒரு முறை என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் ஏதாவது சொல்வேன் என்று காத்திருந்த மாதிரி இருந்தது. அதற்குள் மச்சான் ஏதோ சொல்லிச் சிரிக்க, அவரும் சிரித்தார். பின்னால் இருந்து பிரிண்டர் பெட்டி ஒன்று வந்தது. அது யாருக்கோ என்று நினைத்துக்கொண்டு நின்றேன். அதைக் காரின் முன் சீட்டில் வைத்தார்கள். நான் பின்னால் மானிட்டரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

வீட்டில் மச்சானே ஒயர்களை மாட்டி எல்லாவற்றையும் பூட்டினார். மனைவி மஞ்சள் குங்குமம் வைத்தாள். எல்லாரும் பார்த்து முடிந்து, என் முறை வந்ததும் கார் விளையாட்டின் சிடியைப் போட்டேன். நெடுநேரம் ஒன்றும் வரவில்லை. பிறகு பாதை வந்தது, நின்றது, மறுபடி வந்தது. கார் நகர்ந்த விதம் என் டிராக்டரை எனக்கு நினைவுபடுத்தியது. சத்தம் இல்லவே இல்லை.

பிரிண்டருக்காக ரேமைப் பாதியாக்கி, வீடியோ கார்டை மட்டமாக்கி, சவுண்ட் கார்டை எடுத்துவிட்டதாக மச்சான் சாதாரணமாகச் சொன்னார். பிள்ளைகளுக்கு அதெல்லாம் எதற்கு என்றார். நான் விளையாடத்தான் வாங்கினேன் என்றேன்.

"அய்யோ மாமா, அன்னிக்கு நீங்க விளையாட்டுக்குச் சொன்னீங்கன்னுல்ல நெனச்சேன்."

அவர் கெட்டவர் இல்லை. அதனால்தான் கோபம் அதிகமாகிறது. கெட்டவர் என்றால் சண்டை போட்டு ஆற்றிக்கொள்ளலாம். இவர் எனக்கு நல்லது செய்துவிட்டார். என் மனதில் என்ன இருக்கிறது என்று கேட்காமலே, நல்ல மனிதனுடைய மனதில் என்ன இருக்க வேண்டுமோ அதை எடுத்து எனக்குள் வைத்துவிட்டார். எங்கள் லயத்தில் சம்பள நாளன்று சம்சு சாராயத்தில் போகும் பணம் எவ்வளவு, லாட்டரி நம்பர் எடுப்பதில் போவது எவ்வளவு. எதற்கு என்று அவர்களிடம் யாராவது கேட்டார்களா? ஆம்பிளை என்றால் அப்படித்தான் என்று விட்டுவிடுவார்கள். நாற்பது வயதைக் கடந்த தோட்டத்து ஆள், குடிக்காமல், கடன் வாங்காமல், ஓய்வு நாளில் ஒரு கார் ஓட்டிப் பார்க்க ஆசைப்பட்டால் மட்டும் அது நடக்கவே முடியாத விஷயம், ஜோக். படிப்பு என்ற சொல்லுக்குக் கதவெல்லாம் திறக்கிறது. படிப்பு நல்லதுதான், என் பிள்ளைகள் படிக்கத்தான் செய்தார்கள். ஆனால் அந்தச் சொல்லைச் சொல்லித்தான் நான் எதையும் தொட வேண்டுமா?

பிள்ளைகளுக்குப் பள்ளியில் எல்லாம் கையெழுத்துதான். பிரிண்டர் சும்மா கிடந்தது. கோயில் கமிட்டித் தலைவர் காதுக்குச் செய்தி போனபோது அது சும்மா கிடப்பது நின்றது. தேர் ஊர்வலத்துக்குப் போலீஸ் பெர்மிட் கேட்கும் கடிதம், அன்னதானக் கூப்பன், கமிட்டிக் கூட்ட அறிவிப்பு. என் மூத்த மகள் தட்டுவாள், அவர் என் நாற்காலியில் உட்கார்ந்து தேநீர் குடிப்பார். மை தீர்ந்துவிட்டது என்று ஒரு நாள் சொன்னேன். "சாமி காரியம்தானே தம்பி, ஒனக்குப் புண்ணியம்" என்றார். விளையாட்டுக்கு வாங்கியது கடைசியில் புண்ணியத்தில் முடிந்தது. அன்றுதான் எனக்குள் ஏதோ நின்றுபோனது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பிரிண்டரைப் பெட்டியில் போட்டு, மோட்டார் சைக்கிளின் பின்னால் ரப்பர் கயிற்றால் கட்டினேன். எங்கே என்று மனைவி கேட்டாள். சிரம்பான் என்றேன். தம்பியைக் கூப்பிடட்டுமா என்றாள். வேண்டாம் என்றேன். நான் சொன்ன விதத்தில் ஏதோ இருந்திருக்க வேண்டும். கயிற்றை ஒரு முறை இழுத்துப் பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

தவுக்கே பெட்டியைப் பார்த்ததும் கெட்டுப்போய்விட்டதா என்று கேட்டார். இல்லை, எனக்கு வேண்டாம் என்றேன். அப்படியானால் பிள்ளைகளின் பள்ளி வேலைக்கு வேண்டாமா என்றார். வேண்டாம் என்றேன். நாம் இரண்டு பேரும் கூட்டிக் கழித்துத் தேர்ந்தெடுத்ததை ஏன் மாற்றிக் கொடுத்தீர்கள் என்று கேட்டேன். கடைக்குள் நான் அவ்வளவு நீளமாகப் பேசியது அதுதான் முதல் முறை. உன் சொந்தக்காரர்தான் நீ சும்மா வேடிக்கைக்குச் சொல்கிறாய், உண்மையில் பிள்ளைகளுக்குத்தான் என்றார், நீயும் அங்கேயே நின்றாய் என்றார் தவுக்கே. பிறகு என்னை ஒரு மாதிரி பார்த்து, அப்படியானால் வேடிக்கை இல்லையா என்று கேட்டார். "மாயின்-மாயின் கா?" என்பதுதான் அவர் கேட்டது.

மலாயில் மாயின் என்றால் விளையாடுவது. அதையே இரண்டு தடவை சேர்த்துச் சொன்னால் பொருட்டில்லாத காரியம், வெறும் வேடிக்கை என்று ஆகிவிடும். தமிழில் எனக்கு அப்படி ஒரு வழி இல்லாமல் போயிருந்தது.

"புக்கான் மாயின்-மாயின்," என்றேன். "சாயா மாவ் மாயின்."

வேடிக்கை இல்லை, நான் விளையாட வேண்டும். அவ்வளவுதான். தவுக்கே சிரிக்கவில்லை. மீ கிண்ணத்தைத் தள்ளி வைத்துவிட்டுப் பிரிண்டர் பெட்டியைத் திறந்தார்.

பழைய சாமான் விலைதான் கிடைத்தது. கமிட்டித் தலைவர் தீர்த்த மைக்கும் சேர்த்துத் தவுக்கே விலையைக் குறைத்தார். அந்தப் பணத்துக்கு நான் முதலில் தேர்ந்தெடுத்த வீடியோ கார்டு வரவில்லை, அதற்கு ஒரு படி கீழே உள்ளது வந்தது. ரேம் முழுதாக வந்தது. சவுண்ட் கார்டுக்குப் போதவில்லை. எப்படிப் பூட்டுவது என்று இன்னொரு பெட்டியைத் திறந்து காட்டினார். வீட்டில் சாப்பாட்டு மேசையில் வைத்து நானே பூட்டினேன். அந்தக் கார்டு உட்கார இவ்வளவு அழுத்த வேண்டும் என்று தெரியாமல், உடைத்துவிட்டேனோ என்று வியர்த்துப்போனேன்.

கார் ஓடியது. கடல் ஒரு பக்கம், பாறை ஒரு பக்கம், ஒரு இடத்திலும் நிற்காமல். சத்தம்தான் இல்லை. பின்னால் ஆலையின் இரைச்சல் மட்டும் கேட்டது.

அடுத்த வாரம் மச்சான் வந்தார். தன் தாமான் குடியிருப்பில் ஏதோ கூட்டமாம், ஒரு அறிவிப்பு அச்சடிக்க வேண்டுமாம். நான் வளைவில் இருந்தேன், திரும்பவில்லை.

"பிரிண்டர் எங்க மாமா?"

"வித்துட்டேன்."

"விளையாடாதீங்க மாமா."

"விளையாடிக்கிட்டுத்தான் இருக்கேன்," என்றேன்.

நான் சிரிப்பேன் என்று அவர் பின்னால் நின்று காத்திருந்தார். பாதை நேராகிவிட்டது. நான் கியரை மாற்றினேன்.